பாய்ச்சிய நீரும் வடிந்த நீரும்



வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கு ஆங்கிலத்தில் ‘இரிகேஷன்’ என்று பெயர். பூகோளப் பாடத்தில் நீங்கள் படித்த சொல்தான். இதே சொல்லை அறுவை மருத்துவர்களும் ஆளுகின்றனர். உடலின் உட்குழி ஒன்றில் நீரைப் பாய்ச்சி, அந்த நீருக்குள்ளேயே கருவியைச் செலுத்தி அறுவை செய்யும் முறை இன்று பெருவழக்காகிவிட்டது. அவ்வாறு பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி வெளியே வடியாமல் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். எவ்வளவு உறிஞ்சப்பட்டது, அந்த நீரில் என்ன கரைந்திருந்தது, அது எத்தனை பாகை வெப்பத்தில் இருந்தது என்னும் மூன்று கேள்விகளில் ஓர் உயிரே அடங்கியிருக்கக்கூடும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் விஞ்ஞானமும் கணக்கும் கற்பித்தவன். ஆயினும் இந்தப் பொருளில் மருத்துவத்தைக் காட்டிலும் பௌதிகமும் கணக்குமே மிகுதி. ஆதலால் துணிந்து பேசுகிறேன்.

எங்கள் சூலக்கரைப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாயில் நீர் பெருகும் ஆண்டுகளைவிட அது வறண்டு கிடக்கும் ஆண்டுகளே எங்கள் முதியவர்களின் நினைவில் அதிகம். அதனால் மடையைத் திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. மடையில் எவ்வளவு போயிற்று, கடைசி வயலின் வடிகாலில் எவ்வளவு வந்தது என்பதை அவர் கண்ணளவிலேயே சொல்லிவிடுவார். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாடு மண் குடித்த நீர். அறுவைக்கூடத்தில் இதே கணக்கை ஒரு செவிலியர் போடுகிறார். அங்கே நீரைக் குடிப்பது மண் அன்று, ஒரு பெண்ணின் உடல்.

எந்த அறுவையைச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன். கருப்பையின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சியோ நார்க்கட்டியோ தோன்றும். அதனால் மாதந்தோறும் அளவுக்கு மீறிக் குருதி போகும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற எங்கள் வட்டாரத்தில் நாள் முழுதும் உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டும் பெண்களில் இந்தத் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாமல் சுமப்பவர்கள் உண்டு. முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும் நிலை வந்த பிறகே மருத்துவமனைக்குப் போவார்கள். முற்காலத்தில் இதற்கு அறுதியான மருத்துவம், வயிற்றைக் கிழித்துக் கருப்பையையே அகற்றுவதாக இருந்தது. இன்று தகுந்தவர்களுக்கு வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, கட்டியை மட்டும் சீவி எடுத்துவிடுகின்றனர். அக்கருவிக்கு ஹிஸ்டரோஸ்கோப் என்று பெயர். கருப்பை உள்நோக்கி எனத் தமிழில் சொல்லலாம்.

இதன் வரலாறு சுவையானது. 1806-ஆம் ஆண்டிலேயே பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் பிலிப் போசினி, மெழுகுவர்த்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடலின் உட்குழிகளைக் காண ஒரு சாதனம் செய்தார். 1869-இல் பாண்டலியோனி என்பவர், குருதிப்போக்கால் வருந்திய 60 வயது மாது ஒருவரின் கருப்பைக்குள் நோக்கி, அங்கிருந்த சதை வளர்ச்சியைக் கண்டு, வெள்ளி நைட்ரேட்டால் சுட்டுக் குணப்படுத்தினார். அதன் பின்பு 100 ஆண்டுகள் இந்தக் கலை பெரிதாக வளரவில்லை. காரணம் எளிது. கருப்பை, மடித்து வைத்த துணிப்பை போன்றது. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கிடக்கும். உள்ளே விளக்குப் பிடித்தாலும் காண்பதற்கு வெளி இல்லை. அந்தப் பையை விரிக்க வேண்டும். கசியும் குருதியைக் கழுவிக்கொண்டே இருக்கவும் வேண்டும். இவ்விரண்டு வேலையையும் செய்வதுதான் பாய்ச்சும் நீர்.

‘நீர் தானே, எந்த நீராக இருந்தால் என்ன?’ என்று கேட்கலாம். அப்படி எண்ணியதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் ஆண் நோயாளிகள். சிறுநீர்ப் பாதை வழியாகப் புராஸ்டேட் சுரப்பியைச் சீவி எடுக்கும் அறுவை, கருப்பை அறுவைக்கு மூத்தது. அதில் காய்ச்சி வடித்த தூய நீரைப் பாய்ச்சினார்கள். தூய நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் பாயும் கம்பி வளையம் கொண்டு சதையைச் சீவுவதால், கடத்தாத நீர்தான் வேண்டியிருந்தது. ஆனால் சில நோயாளிகள் அறுவைக்குப் பிறகு சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலற்று இறந்தனர். 1947-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்து மருத்துவர் கிரீவி இதன் காரணத்தை எடுத்துக்காட்டினார். அறுபட்ட சிரைகளின் வாய் வழியே தூய நீர் குருதியில் கலந்து, சிவப்பணுக்களை உடைத்திருந்தது.

தூய நீர் எப்படி அணுவை உடைக்கும்? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பி உருண்டுவிடுகிறது. நார்த்தங்காயைக் கீறி உப்பிட்டு வைத்தால் மறுநாள் ஜாடி நிறைய நீர் விட்டுச் சுருங்கிக்கிடக்கிறது. இரண்டும் ஒரே விதிதான். மெல்லிய சவ்வின் இருபுறமும் கரைசல்கள் இருந்தால், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். இதைச் சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்கள். சிவப்பணுவுக்குள் உப்பும் புரதமும் இருக்கின்றன. அதைச் சுற்றித் தூய நீர் சூழ்ந்தால், நீர் உள்ளே புகுந்து புகுந்து அணு வெடித்துவிடும். டச்சு நாட்டு விஞ்ஞானி ஹாம்பர்கர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த சோதனைகளின் வழியே வந்ததுதான், லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த 0.9 விழுக்காட்டு உப்பு நீர். மருத்துவமனையில் ‘சலைன்’ ஏற்றுகிறார்கள் என்கிறோமே, அது இதுதான். இதில் சிவப்பணு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

அப்படியானால் அறுவையிலும் உப்பு நீரையே பாய்ச்சியிருக்கலாமே என்று தோன்றும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒற்றை முனைக் கம்பியில் வரும் மின்சாரம் சதையைச் சீவாமல் நீரிலேயே பரவிப் போய்விடும். ஆகவே மின்சாரத்தைக் கடத்தாத, ஆயினும் சிவப்பணுவை உடைக்காத ஒரு கரைசலைத் தேடினார்கள். 1948-இல் கிளைசீன் என்னும் அமினோ அமிலக் கரைசல் வந்தது. அணுக்கள் உடைவது நின்றது. மருத்துவர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

அந்த நிம்மதி முழுமையானதன்று. 1970-களில் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் நியூவர்த் புராஸ்டேட் அறுவைக் கருவியையே கருப்பைக்குள் செலுத்தி நார்க்கட்டிகளைச் சீவி எடுக்க வழி காட்டினார். கருவியோடு கிளைசீனும் கருப்பைக்கு வந்தது. அதன் ஆபத்தும் கூடவே வந்தது. கிளைசீன் உடலுக்குள் சென்றபின் சிதைந்துவிடுகிறது. அது கரைந்திருந்த நீர் மட்டும் தங்குகிறது. குருதியில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் அந்த நீரால் நீர்த்துப்போகிறது. ஒரு லிட்டர் உறிஞ்சப்பட்டால் சோடியம் ஏறத்தாழ 10 அலகு இறங்கும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் கணக்கு. இப்போது திராட்சையின் நிலை மூளைக்கு வருகிறது. மூளையின் அணுக்கள் நீரை வாங்கி உப்புகின்றன. மற்ற உறுப்புகள் உப்பினால் தோல் இடங்கொடுக்கும், மண்டையோடு இடங்கொடுக்காது. தலைவலி, குமட்டல், குழப்பம், பின்பு வலிப்பு, அதற்குப் பின்பு உயிருக்கே முடிவு. மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களின் மூளை இந்த வீக்கத்தைத் தாங்குவதில் மேலும் பின்தங்கியது; சோடியத்தை வெளியேற்றும் அணுப்பம்பின் வேலையைப் பெண்மைச் சுரப்புகள் மந்தப்படுத்துவதே காரணம் என்கிறார்கள். இந்த அறுவையோ அந்த வயதினருக்கே மிகுதியும் செய்யப்படுகிறது.

1990-களின் இறுதியில் இருமுனை மின்கருவி வந்த பிறகு உப்பு நீரிலேயே அறுவை செய்ய முடிந்தது. மின்சாரம் ஒரு முனையிலிருந்து அருகிலேயே உள்ள மறுமுனைக்குப் பாய்ந்து திரும்பிவிடுவதால், நீர் கடத்துவது இங்கே இடையூறாவதில்லை. சோடியம் குறையும் ஆபத்தும் அகன்றது. ஆனால் உப்பு நீர் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் உட்செல்லலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மிகுந்தால் இதயம் திணறும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எனவே 2013-இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் சங்கம் ஒன்று வகுத்த நெறியில், உடல்நலமுள்ள பெண்ணுக்குக் கிளைசீன் போன்ற நீர்த்த கரைசலாயின் 1,000 மில்லிலிட்டர், உப்பு நீராயின் 2,500 மில்லிலிட்டர் என்று உறிஞ்சலுக்கு எல்லை கட்டப்பட்டது. முதியோருக்கும் இதய நோயுள்ளோருக்கும் எல்லை இன்னும் குறுகியது. எல்லையை எட்டினால், கட்டி பாதி மிஞ்சியிருந்தாலும் அறுவையை நிறுத்திவிட வேண்டும். மிஞ்சியதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, நீர் ஏன் உள்ளே போகிறது என்னும் பௌதிகத்துக்கு வருவோம். நீர்ப் பை உயரத்தில் தொங்குகிறது. 1 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் எவ்வளவு பாதரசத்துக்குச் சமம்? பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியானது; 1,000 மில்லிமீட்டரை 13.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் வரும். 120-க்கு 80 என்ற இரத்த அழுத்தம் உள்ளவரின் சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 93. பையை 1 மீட்டரில் தொங்கவிட்டால் நீரின் அழுத்தம் அதற்குள் அடங்கும். ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினால் 110 ஆகிவிடும். சராசரித் தமனி அழுத்தத்தை மீறினால் உறிஞ்சல் வேகமாக ஏறுகிறது. காட்சி தெளிவாக வேண்டும் என்று பையை ஓர் அடி உயர்த்தச் சொல்வது மருத்துவருக்கு எளிது. அந்த ஓர் அடி, திறந்துகிடக்கும் சிரைக்குள் நீரைத் தள்ளும் கையாகிவிடும். இப்போது அழுத்தத்தைத் தானே அளந்து கட்டுப்படுத்தும் பம்புகள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் பையின் உயரமே பம்பு.

வெப்பத்தின் பங்கு என்ன? எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளரைக் கேட்டால், மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன்னே செய்ய வேண்டியதன் காரணத்தைச் சொல்வார்கள். சில பாகை வெப்பம் செய்யும் வேலை அவர்களுக்குத் தெரியும். அறுவைக்கூடத்தில் அதே சில பாகை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வெளியே சித்திரை வெயில் 40 பாகை சென்டிகிரேடு காய்ந்தாலும், குளிரூட்டிய அறையின் அலமாரியில் இருக்கும் நீர்ப்பை 22 பாகை அளவில்தான் இருக்கும். உடலோ 37 பாகை.

கணக்குப் போடுவோம். 5 லிட்டர் நீரை 22 பாகையிலிருந்து 37 பாகைக்குச் சூடேற்ற 5-ஐ 15-ஆல் பெருக்கி 75 கிலோகலோரி வேண்டும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணின் உடலை 1 பாகை குளிர்விக்க, உடலின் தன்வெப்பம் 0.83 என்று கொண்டால், ஏறத்தாழ 41 கிலோகலோரி எடுத்தால் போதும். பாய்ச்சிய நீர் முழுதும் உடல் வெப்பத்தை எட்டிவிட்டு வடிந்தால் உடல் 1.8 பாகை குளிர்ந்துவிடும். நடைமுறையில் நீர் விரைவாக உள்ளே வந்து விரைவாக வெளியேறுவதால் அவ்வளவு வெப்பம் போவதில்லை. ஆனால் உறிஞ்சப்பட்ட நீர் வெளியேறுவதில்லை. அது குருதியோடு இதயத்துக்கே போய், தன் குளிர் முழுவதையும் உடலிடம் ஒப்படைக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை. உணர்ச்சியகற்றும் மருந்து உடலின் நடுக்க ஆற்றலை அடக்கியிருப்பதால், இழந்த வெப்பத்தை உடல் உடனே ஈடுசெய்யவும் இயலாது. மருந்து தெளிந்தவுடன் பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்குவார்கள். இதைக் கண்டு காய்ச்சலோ என்று உறவினர் அஞ்சுவதும் உண்டு.

நடுக்கம் மட்டுமானால் கம்பளி போர்த்திவிடலாம். 36 பாகைக்குக் கீழே இறங்கினால் குருதி உறைவது தாமதிக்கிறது. மருந்துகள் உடலில் நீண்ட நேரம் தங்குகின்றன. 1996-இல் குர்ஸ், செஸ்லர் முதலியோர் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். உடல் வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், குளிர விடப்பட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் புண்ணில் சீழ் பிடித்தது. இரண்டு பாகை வேறுபாடு செய்த வேலை இது.

அதனால் பாய்ச்சும் நீரை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிவிடலாம் அன்றோ? இங்கேதான் ஓர் ஐயம் எழுந்தது. வெந்நீர் பட்டால் தோல் சிவக்கிறது. குருதிக் குழாய்கள் விரிவதே காரணம். இளஞ்சூட்டு நீர் கருப்பைச் சுவரின் குழாய்களையும் விரித்து, குருதிப்போக்கையும் உறிஞ்சலையும் கூட்டாதா? மேலும் 20 பாகை நீரின் பாகுத்தன்மை 1.00 என்றால் 37 பாகையில் அது 0.69. அதாவது சூடான நீர் மெல்லிய துளை வழியே இன்னும் எளிதாக ஓடும். கேள்வி நியாயமானதே. ஆனால் உடல் அவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மகப்பேற்றுக்குப் பின் நில்லாத குருதிப்போக்கை நிறுத்த, கைபொறுக்கும் சூட்டுக்கும் மேலான சுடுநீரையே கருப்பைக்குள் பாய்ச்சினார்கள். அந்தச் சூட்டில் கருப்பைத் தசை இறுகும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஒரே வெப்பம் தோலில் விரிக்கிறது, தசையில் சுருக்குகிறது. கையில் கண்டதைக் கொண்டு கருப்பையை அளக்க முடியாது என்பதால்தான் ஒப்பீட்டு ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன. உள்நோக்கி அறுவைகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இளஞ்சூட்டு நீர் உடல் குளிர்வதையும் நடுக்கத்தையும் குறைப்பதாகக் கண்டார்கள். உறிஞ்சலை ஆள்பவை பெரும்பாலும் அழுத்தமும், அறுவை நீளும் நேரமும், அறுபட்ட குழாய்களின் அளவுமே. என் கருத்தைக் கேட்டால், சூட்டைப் பற்றிய ஐயத்துக்காக ஒரு பெண்ணை நடுங்க விடுவது தகாது; உறிஞ்சலுக்கு அஞ்சினால் பையைத் தாழ்த்தவேண்டுமே தவிர நீரைக் குளிர வைக்கவேண்டியதில்லை. சூடாக்குவதும் அதற்கென உள்ள, வெப்பம் அளந்து காட்டும் பெட்டியில்தான் நடக்க வேண்டும். அவசரத்தில் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்த பையின் சூடு யாருக்கும் தெரியாது.

உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் அளவறிந்து கொடுக்கும் இந்த விஞ்ஞானத்தில் நம் நாட்டவர்க்கும் பெரும் பங்கு உண்டு. கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இலேயே காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துக் கண்ட பயனை எழுதினார். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில், ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துவிட்ட நிலையில், திலீப் மகலனாபிஸ் அதே முறையை ஆயிரக்கணக்கானோருக்குக் கையாண்டு சாவைப் பன்மடங்கு குறைத்தார். அங்கே நீர் இழந்த உடலுக்கு நீர் கொடுப்பது பிரச்சினை. இங்கே வேண்டாத நீர் புகாமல் காப்பது பிரச்சினை. சவ்வு ஒன்றுதான், விதி ஒன்றுதான்.

இறுதியாக அந்தக் கணக்கேட்டுக்கு வருகிறேன். பாய்ச்சியதில் வடிந்ததைக் கழித்தால் உறிஞ்சியது என்று சொல்வது எளிது. வடிந்த நீர் முழுதும் குப்பியில் விழுவதில்லை. துணியை நனைக்கிறது, தரையில் சிந்துகிறது. 3 லிட்டர் என்று அச்சிட்ட பையில் சில விழுக்காடு கூடுதலாகவே நீர் இருப்பதும் உண்டு. ஆகவே சிந்தும் நீரைப் பிடிக்கப் பையுள்ள விரிப்பை இடுப்பின் கீழ் விரிக்கிறார்கள். பைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். சுவீடன் நாட்டு ராபர்ட் ஹான் இன்னொரு வழி கண்டார். பாய்ச்சும் நீரில் 1 விழுக்காடு எதனால் கலந்துவிட்டு, நோயாளியின் மூச்சில் வரும் எதனாலை அளந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைப் பிடிக்கக் காவலர் வைத்திருக்கும் கருவியின் தத்துவந்தான். உறிஞ்சல் மிகுந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை உபாயங்கள் இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் கணக்கு ஒரு செவிலியரின் கையிலும் குரலிலும்தான் இருக்கிறது. 2022 சனவரியில் எங்கள் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவியருள் சிலர் நாளை அத்தகைய கூடங்களில் நிற்கக்கூடும். அவர்களுக்கென்று ஒரு கணக்கு: அறுவை தொடங்கி 35 நிமிடம் ஆயிற்று. பாய்ச்சியது 9 லிட்டர். குப்பியில் வடிந்தது 7 லிட்டர் 300 மில்லிலிட்டர். விரிப்பின் பையில் 400 மில்லிலிட்டர். நோயாளிக்கு வயது 38, இதயம் நலமாக உள்ளது. பையில் இருப்பது உப்பு நீராயின் மருத்துவரிடம் என்ன சொல்வீர்கள்? அதுவே கிளைசீனாயின் என்ன சொல்வீர்கள்? தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.